புது பேட் வாங்க, பழைய பேட்டைக் கொண்டு வாங்க

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கட்டிங் மெஷின் இருக்கிறது. ஷட்டில் பேட்டுக்கு நரம்பு கட்டுகிற கை மெஷின். நரம்புக்கு எங்கள் பக்கம் ‘கட்’ என்றுதான் பேர். தருமபுரியில் காலை ஐந்தரைக்கே கோர்ட்டுக்கு வருகிறவர்கள், கட் அறுந்தால் ஆட்டம் முடிந்து போகும் வழியில் பேட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது வாங்கிக்கொள்வார்கள். தொழிலாகச் செய்யவில்லை, நானும் அவர்களோடு ஆடுகிறவன். ஆனால் மற்றவர்களுடைய பேட்டைப் பல வருடம் மடியில் வைத்துப் பழகியதில் ஒன்று புரிந்தது. ‘எனக்கு எந்த பேட் வாங்கலாம்?’ என்று கேட்கிறவர்கள் பாதிப் பதிலைப் பையிலேயே கொண்டு வருகிறார்கள். அவர்களுடைய பழைய பேட்தான் அந்தப் பாதி.

பெரும்பாலும் அவர்கள் செல்போனைத்தான் நீட்டுவார்கள். திரையில் ஏதோ ஒரு பேட்டின் படம் பளபளவென்று இருக்கும். “இத வாங்கலாமாண்ணா? நல்ல பேட்டா?” நல்ல பேட்தான். இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் போடுகிற முழு கிராஃபைட் பேட்டில் மோசம் என்று சொல்ல அதிகம் இல்லை. யாருக்கு நல்ல பேட் என்பதை அந்தப் படம் சொல்லாது. அதனால்தான் “பழசு இருக்கா தம்பி, அதக் கொண்டு வா” என்கிறேன்.

கட் எங்கே அறுந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். நட்ட நடுவில், நரம்பும் நரம்பும் உரசிப் பள்ளம் விழுந்து, நார் நாராகப் பிரிந்து அறுந்திருந்தால் காக், அதாவது இறகுப்பந்து, சரியான இடத்தில்தான் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நரம்புக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான். ஃபிரேமின் மேல் வளைவை ஒட்டி, கத்தியால் நறுக்கினாற்போல அறுந்திருந்தால் கதை வேறு. கை நேரத்துக்கு வந்து சேரவில்லை, காக் ஓரத்தில் பட்டிருக்கிறது. எப்போது அறுந்தது என்று கேட்டால் பதில் அநேகமாக ஒன்றுதான்: “கடைசி கேம்லண்ணா.”

அடுத்தது ஃபிரேமின் நெற்றி. அங்கே பெயின்ட் உரிந்து, உள்ளே கருப்பு கிராஃபைட் தெரிகிறதா? எதிராளி மேலிருந்து ஓங்கி அடிக்கும் ஸ்மாஷைக் கீழே குனிந்து எடுக்கும்போது பேட் தரையில் உரசியிருக்கலாம். டபுள்ஸில் ஜோடியின் பேட்டோடு மோதியிருக்கலாம். இரண்டுமே தற்காப்பிலும் முன் கோர்ட்டிலும் அதிகம் உழைக்கிற ஆளின் அடையாளம். பிறகு கிரிப். மேல்பக்கம், தண்டு வந்து சேரும் கூம்பை ஒட்டி அழுக்கேறித் தேய்ந்திருந்தால் ஆள் நெட்டருகே நின்று தட்டுகிறவர். பேட்டைக் குட்டையாகப் பிடிக்கிறார். அடிப்பக்கம் தேய்ந்திருந்தால் பின்னாலிருந்து ஓங்கி அடிக்கிறவர். கட்டைவிரல் இருக்கும் இடத்தில் மட்டும் கிரிப் நசுங்கிப் பள்ளமாகியிருந்தால், அவர் பேட்டை விடாமல் இறுக்கிப் பிடிக்கிறார். அந்த ஆளிடம் முழங்கை வலிக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

‘நீங்கள் அட்டாக் பிளேயரா, டிஃபென்ஸ் பிளேயரா?’ என்று கடைகளில் கேட்கிறார்கள். கேட்டால் எல்லோரும் அட்டாக் என்றுதான் சொல்வோம். நாம் நினைவில் வைத்திருப்பது நம்முடைய மிக நல்ல ஸ்மாஷை. பேட் வாங்க வேண்டியதோ கடைசி கேமில், ஸ்கோர் பதினெட்டுக்குப் பதினெட்டு என்று நிற்கும்போது இருக்கிற கைக்கு. சட்டை நனைந்து, தோள் கனத்து, மூச்சு வாங்குகிற அந்த நேரத்திலும் தலைக்கு மேலே சரியான உயரத்துக்குப் பேட் வந்து சேர வேண்டும். இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டால், விளம்பரங்களில் வரும் எடை, பேலன்ஸ், ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் அர்த்தம் கிடைத்துவிடும்.

பேட்டின் கூம்பில், கிரிப்புக்குச் சற்று மேலே, சின்ன எழுத்தில் ‘4யூ ஜி5’ என்பது போல ஒரு குறி இருக்கும். யோனெக்ஸ் கம்பெனி கணக்கில் 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ என்றால் 80 முதல் 84, 5யூ என்றால் 75 முதல் 79. எண் கூடக் கூட எடை குறையும். ஜி என்பது கிரிப்பின் பருமன், அதற்குப் பிறகு வருகிறேன். இது நரம்பும் மேல் கிரிப்பும் போடாத வெறும் பேட்டின் எடை. கட் போட்டால் நாலைந்து கிராம், மேலே ஒரு கிரிப் சுற்றினால் இன்னொரு ஐந்து கிராம். எங்கள் ஊர்களில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு 4யூ போதும். ஐம்பதைத் தாண்டியவர்கள், தோளில் பழைய அடி உள்ளவர்கள், பள்ளிப் பிள்ளைகள் 5யூ பக்கம் போகலாம். எடையைப் பற்றி இதற்கு மேல் கவலைப்பட ஒன்றுமில்லை. பத்து கிராம் வித்தியாசத்தைவிட, அந்தக் கிராம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கைக்குத் தெரியும்.

மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்புக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தொரட்டிக்கோலை நடுவில் பிடித்துத் தோளில் சாய்த்து நடக்கும்போது அதில் கனமே தெரியாது. அதே கோலை அடியில் பிடித்து, நுனியில் இருக்கிற வலைப்பையில் நாலு காய் விழுந்த பிறகு, அடுத்த கிளைக்குத் திருப்பிப் பாருங்கள். மணிக்கட்டு இழுபடும். கிளம்ப மறுக்கும், கிளம்பிவிட்டால் நிற்க மறுக்கும். ஹெட் ஹெவி பேட் என்பது இதுதான். கிளம்பத் தாமதம், கிளம்பிவிட்டால் தலையின் கனமே காக்கைத் தள்ளிக்கொண்டு போகும். ஹெட் லைட் அதற்கு நேர்மாறு. நினைத்த மாத்திரத்தில் திரும்பும்; ஆனால் தூரம் அனுப்ப வேண்டுமானால் வேகத்தை உங்கள் கைதான் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஈவன் பேலன்ஸ்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பேட்டைப் படுக்கவாட்டில் ஆள்காட்டி விரல் மேல் வைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிடியின் அடிமுனையிலிருந்து அந்த இடம் வரை ஸ்கேலால் அளந்தால் அதுதான் பேலன்ஸ் பாயின்ட். பொதுவாக 285 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் ஹெட் லைட், 295-க்கு மேலே என்றால் ஹெட் ஹெவி, நடுவே ஈவன் என்று கொள்வார்கள். இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒருவர் கட்டும் கிரிப்பும் போடாமல் அளப்பார், இன்னொருவர் போட்டு அளப்பார். 90 கிராம் பேட் ஒன்று 295 மில்லிமீட்டரில் நிற்கிறது என்று வையுங்கள். பிடியில் ஐந்து கிராமுக்கு ஒரு மேல் கிரிப் சுற்றினால் கணக்குப்படி அது 284-க்கு இறங்கிவிடும். எண்ணைப் பார்த்தால் ஹெட் ஹெவி பேட் ஹெட் லைட் ஆகிவிட்டது!

கையில் எடுத்து வீசினால் அப்படி ஒன்றும் ஆகியிருக்காது. ஏனென்றால் நீங்கள் சேர்த்த ஐந்து கிராமும் உங்கள் உள்ளங்கைக்குள்ளேயே இருக்கிறது. பேட் சுழல்வது மணிக்கட்டை ஒட்டி. சுழலும் மையத்தில் எதைக் கட்டினாலும் வீச்சுக்குப் பாரமில்லை. நுனியில் இரண்டே கிராம் ஈயப் பட்டை ஒட்டினால் உடனே தெரியும். “ஹெட் ஹெவி பேட்ட லைட் ஆக்க ரெண்டு கிரிப் சுத்துங்க” என்று கோர்ட்டில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பேலன்ஸ் பாயின்ட் இறங்கும், தலையின் இழுப்பு குறையாது. அதனால் எண்ணை விட்டுவிட்டு, பேட்டைத் தலைக்கு மேலே தூக்கி, முகத்துக்கு முன்னால் வலமும் இடமும் இருபது தடவை வேகமாகத் திருப்பிப் பாருங்கள். பத்தாவதிலிருந்து இருபதாவது வரை வேகம் குறையாமல் வந்தால் அந்தத் தலை உங்கள் கைக்கு அடங்கும்.

இப்போது ஷாஃப்ட். தலைக்கும் பிடிக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தண்டு. ஓங்கி வீசும்போது அது பின்னால் கொஞ்சம் வளைந்து, அடிக்கும்போது நிமிர்கிறது. நிமிர்கிற கணமும் காக் நரம்பில் படுகிற கணமும் ஒத்துப்போனால் அடி சுளுவாகப் போகும். ஸ்டிஃப் ஷாஃப்ட் லேசில் வளையாது, வளைந்தாலும் சட்டென்று நிமிர்ந்துவிடும். வேகமான கைக்கு அது துல்லியம் தரும். மெதுவான கைக்கு அது வெறும் குச்சி, வளையவே வளையாது. ஃபிளெக்ஸிபிள் ஷாஃப்ட் மெதுவான வீச்சுக்கும் வளைந்து கொடுத்து உதவி செய்யும்; வேகமாக வீசுகிறவருக்கு நிமிர்வதற்குள் காக் போய்விடும், குறி தப்பும்.

எது உங்களுக்கு என்று பார்க்க ஒரு வழி உண்டு. பின்கோட்டில் நின்று, எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு உயரமாகத் தூக்கி அடியுங்கள், அதைத்தான் டாஸ் என்கிறோம். கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர். புதிதாக வந்ததும் போடாதீர்கள். இரண்டு கேம் ஆடி முடித்துவிட்டுப் போடுங்கள். பத்துக்கு எட்டு டாஸாவது பின்கோட்டை ஒட்டி விழுந்தால் ஸ்டிஃப் ஷாஃப்ட்டைப் பற்றி யோசிக்கலாம். பாதி நடுக்கோர்ட்டிலேயே விழுந்தால் மீடியம் அல்லது அதற்கும் இளக்கம். பேக்ஹேண்டில் பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்கு அனுப்ப முடிகிறதா என்பது இன்னும் கடுமையான சோதனை. எங்கள் காலை செட்டில் அதைச் செய்யக்கூடியவர்கள் இரண்டு பேர்தான்.

ஸ்மாஷ் வேண்டுமென்றால் ஹெட் ஹெவி, அதிலும் ஸ்டிஃப் என்ற நம்பிக்கை எங்கும் இருக்கிறது. அதில் பாதி உண்மை. விக்டர் ஆக்செல்சன் ஹெட் ஹெவியான ஆஸ்ட்ராக்ஸ் 100இசட்இசட் வைத்து ஆடியவர், 194 சென்டிமீட்டர் உயரம், டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். மறுபக்கம் பாருங்கள். 2023 ஏப்ரலில் ஜப்பானில் நம்முடைய சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகம் என்று கின்னஸில் பதிவானது. அவர் கையில் அன்றைக்கு இருந்தது நானோஃபிளேர் 1000இசட், ஹெட் லைட் வகை. தலை கனமாக இருந்தால்தான் அடி போகும் என்பது சட்டம் இல்லை.

காரணம் எளிது. காக்கின் எடை விதிப்படி 4.74 முதல் 5.50 கிராம்தான். அவ்வளவு லேசான ஒன்றை, அதைப் போல பதினைந்து இருபது மடங்கு எடையுள்ள பேட் அடிக்கும்போது, பேட்டில் இன்னும் ஐந்து கிராம் கூட்டுவதால் காக்கின் வேகம் பெரிதாகக் கூடாது. பேட்டின் வேகம் கூடினால் கூடும். அந்த வேகம் முன்கை உள்பக்கமாகத் திரும்புவதிலிருந்தும், கடைசி நொடியில் விரல்கள் இறுகுவதிலிருந்தும் வருகிறது. கனமான தலையை ஒருவரால் அதே வேகத்தில் வீச முடிந்தால் அவருக்கு லாபம். வீச முடியாமல் போகும் நிமிடத்திலிருந்து நஷ்டம். சாத்விக்கின் அந்தப் பேட் ஹெட் லைட் ஆனாலும் ஷாஃப்ட் எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேகக் கை இல்லாமல் அதை வாங்கினாலும் பயனில்லை.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர் பாலக்கோடு பக்கம் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர். வாழ்நாளெல்லாம் பூப்பந்து ஆடியவர். தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம் அது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இறகுப்பந்துக்கு முன்பே மண் தரையில் ஐந்து ஐந்து பேராக நின்று மஞ்சள் கம்பளிப் பந்தை அடித்துப் பழகியவர்கள் எங்கள் மாவட்டத்திலும் நிறைய. அந்தப் பந்து 27 முதல் 30 கிராம். மட்டை 165 கிராமுக்கு மேல். அறுபது வயதில் அவர் ஷட்டிலுக்கு வந்தார். என்னுடைய 4யூ ஈவன் பேட்டைக் கையில் வாங்கி இரண்டு தடவை வீசிவிட்டு, “கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கேப்பா” என்றார். கனமாக இருக்கட்டும் என்று 3யூ ஹெட் ஹெவி ஒன்றை வாங்கிவிட்டார்.

ஒன்றரை மாதத்தில் மூன்று தடவை கட் அறுந்து வந்தது. மூன்றும் மேல் வளைவை ஒட்டி. மூன்றாவது தடவை அவரோடு போய் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பூப்பந்துக்காரர்களின் வீச்சு தோளிலிருந்து கிளம்பும். கனமான பந்துக்குப் பின்னால் உடம்பு மொத்தத்தையும் நிறுத்துகிற வீச்சு அது. கம்பளிப் பந்து காற்றில் அவ்வளவு சீக்கிரம் வேகம் இழக்காது. காக் அப்படியில்லை. அம்பு போலக் கிளம்பி, பாதி வழியில் இறகு காற்றைப் பிடித்து, சட்டென்று தொங்கி விழும். அவருடைய பெரிய வீச்சு வந்து சேர்வதற்குள் காக் இறங்கிவிடும். கனமான தலை அந்தத் தாமதத்தை இன்னும் கூட்டியது. அவருடைய பலம் முழுக்க முதல் கேமில் தெரிந்தது, இரண்டாவதில் பாதி தெரிந்தது, மூன்றாவதில் ஃபிரேமில்தான் பட்டது.

ஒரு மாதத்துக்கு என் பேட்டையே கொடுத்தேன். 4யூ, ஈவன், மீடியம் ஷாஃப்ட், 22 பவுண்டு இறுக்கத்தில் கட்டிங். முதல் வாரம் அவருக்குப் பிடிக்கவேயில்லை. காக் எங்கெங்கோ போனது. பிறகு வீச்சு தானாகவே சுருங்கியது. தோள் ஓய்ந்து முன்கை வேலை செய்ய ஆரம்பித்தது. பூப்பந்து கொடுத்த கண்ணும் கால் வேகமும் அவரிடம் அப்படியே இருந்ததால் நெட்டில் அவரைத் தாண்டி எதுவும் போகவில்லை. பேட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, “இதே மாதிரி ஒண்ணு வாங்கிக் கொடுத்துருப்பா” என்றார். பூப்பந்திலிருந்து வருகிற யாருக்கும் நான் இப்போது சொல்வது இதுதான்: கைக்குப் பழகின கனத்தைத் தேடாதீர்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். சில வருடம் முன்பு, கடைக்காரர் ஒருவர் பேச்சைக் கேட்டு ஹெட் ஹெவி, ஸ்டிஃப், 27 பவுண்டு டென்ஷன் (நரம்பின் இறுக்கம்) என்று எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்து ஒரு பேட் வாங்கினேன். முதல் இரண்டு வாரம் ஸ்மாஷ் சத்தம் ஹாலையே நிரப்பியது. மூன்றாவது மாதம் முழங்கைக்கு வெளிப்பக்கம் ஒரு வலி. குளிக்கும்போது சொம்புத் தண்ணீரைத் தூக்க முடியவில்லை. டென்னிஸ் எல்போ என்றார் மருத்துவர். ஷாஃப்ட் வளையாமல், நரம்பு இறுகி, கிரிப் மெல்லிசாக இருந்ததால் இறுக்கிப் பிடித்து, ஓரத்தில் பட்ட ஒவ்வொரு அடியின் அதிர்வையும் என் முழங்கைதான் வாங்கிக்கொண்டிருந்தது. நான்கு மாதம் பேட்டைத் தொடவில்லை. வலி இருக்கும்போது பேட்டை மாற்றி ஆடிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் போங்கள், பிசியோதெரபியை முடியுங்கள்.

டென்ஷன் பற்றித்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். எட்டாயிரத்துக்கு பேட் வாங்குகிறவர், அதில் என்ன கட், எத்தனை பவுண்டு என்று கேட்பதே இல்லை. காக் படுவது நரம்பில்தான். தளர்வான கட் தூளி போலக் காக்கை வாங்கி வெளியே தள்ளும், கொஞ்சமாக அடித்தாலும் தூரம் போகும். இறுக்கமான கட்டில் அந்த உதவி இல்லை, ஆனால் குறி துல்லியம். டென்ஷன் ஏற ஏற, அடி சுகமாகப் படும் நடுப்பகுதியும் சுருங்கிக்கொண்டே போகும். புதிதாக ஆடுகிறவருக்கு 20 முதல் 22 பவுண்டு. சில வருடம் வாரத்தில் நான்கு நாள் ஆடுகிறவருக்கு 23, 24. சர்வதேச வீரர்கள் 28, 30 என்று போடுகிறார்கள் என்றால், அவர்கள் நடுவில் அடிக்கத் தவறுவதில்லை, அறுந்தால் பையில் இன்னும் ஐந்து பேட் இருக்கிறது. நரம்பின் தடிப்பும் அப்படித்தான். யோனெக்ஸ் பிஜி65 0.70 மில்லிமீட்டர், நின்று உழைக்கும். பிஜி66 அல்டிமேக்ஸ் 0.65, பட்டதும் கணீரென்று சத்தம் வரும், ஓரத்தில் நாலு அடி பட்டால் போய்விடும்.

இன்னொன்று. கட் அறுந்தால், ஒரு இடத்தில்தானே என்று அப்படியே பையில் போட்டுவிடாதீர்கள். மீதி நரம்புகள் ஃபிரேமை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும், பேட் கோணிவிடும். கத்தரிக்கோலை எடுத்து நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, குறுக்கும் நெடுக்கும் மாறி மாறி, எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். வெட்டும்போது ஃபிரேம் பெருமூச்சு விடுவது போலத் தளர்வது கையிலேயே தெரியும்.

எங்கள் ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. தகரக் கூரை போட்ட ஹாலில் ஏப்ரல், மே மத்தியானம் உள்ளே நுழைந்தால் அடுப்பங்கரைக்குள் நுழைந்தது போல இருக்கும். சூடான காற்று லேசானது. காக்கைத் தடுக்கும் பலம் அதற்குக் குறைவு. அதே அடிக்கு காக் கோட்டைத் தாண்டி விழும். உயரமும் இதே வேலையைச் செய்யும். தருமபுரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிற ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர். தருமபுரி அதில் ஏறக்குறைய பாதி. இங்கே டாஸ் சரியாகப் பின்கோட்டில் விழப் பழகின கை, சூளகிரி மேடேறி ஓசூரில் ஒரு டோர்னமென்ட்டுக்குப் போனால் முதல் கேமில் பாதி டாஸ் அவுட். பேட் சரியில்லை என்று அங்கேயே முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பேட் சரிதான், காற்று மெலிந்திருக்கிறது.

அதனால்தான் ஃபெதர் காக்கின் டப்பாவில் 76, 77, 78 என்று வேக எண் போடுகிறார்கள். எண் கூடினால் காக் வேகமாகப் போகும். மேட்டுநிலத்துக்குக் குறைந்த எண். ஒரு முனைப் பின்கோட்டின் மேலிருந்து கீழ்க்கையால் முழு பலத்தோடு அடித்தால், மறுமுனைப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் உள்ளே விழ வேண்டும் என்பது விதி. ஆட்டம் தொடங்குவதற்கு முன் இதை ஒரு தடவை அடித்துப் பார்ப்பது பேட் பற்றிய பாதிச் சந்தேகங்களைத் தீர்த்துவிடும். ஓசூரிலேயே தினமும் ஆடுகிறவர்கள் தருமபுரிக்காரரைவிட ஒரு பவுண்டு கூட்டிக் கட்டிக்கொள்ளலாம். தூரத்தை அங்கே காற்றே கொடுத்துவிடுகிறது, அவர்களுக்குத் தேவை குறி. வெயிலில் நிறுத்திய காரிலோ பைக்கிலோ பேட்டை விட்டுவிட்டுப் போனால் எந்த ஊரானாலும் கட் தளர்ந்துவிடும்.

நம் ஊர் ஆட்டம் பெரும்பாலும் டபுள்ஸ் என்பதையும் மறக்கக் கூடாது. கோர்ட்டுக்கு மணிக்கணக்கில் வாடகை. நாலு பேர் பகிர்ந்துகொண்டு, வெளியே இன்னும் நாலு பேர் காத்திருப்பார்கள். சிங்கிள்ஸ் ஆட யாருக்கும் மனசு வராது. டபுள்ஸில் ஒரு ராலியில் ஓங்கி அடிக்கக் கிடைப்பது ஒன்றிரண்டு. நெஞ்சுக்கு நேரே வருவதைத் தட்டிவிடுவது, இடுப்புக்கு வருவதைத் திருப்புவது, சர்வீஸை முன்னால் பாய்ந்து வாங்குவது இவைதான் மீதி எல்லாம். பின்னால் நின்று அடிப்பவர் இவர் என்று ஜோடிக்குள் தெளிவாகப் பிரித்துக்கொண்டால் அந்த ஒருவர் ஹெட் ஹெவி வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு ஹெட் லைட் அல்லது ஈவன், மீடியம் ஷாஃப்ட். டிவியில் பார்க்கும் சிங்கிள்ஸ் சாம்பியனின் பேட்டை வாங்கிக்கொண்டு நாம் ஆடுவதோ வேறொரு ஆட்டம்.

கிரிப் பற்றிச் சுருக்கமாக. யோனெக்ஸில் ஜி5 மெல்லியது, ஜி4 அதைவிடப் பருமன். எல்லாக் கம்பெனியும் இதே முறையில் எண் போடுவதில்லை, அதனால் பிடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மெல்லியதை வாங்கி மேலே சுற்றிப் பருமனாக்கலாம், பருமனை மெலிய வைக்க முடியாது. கை வியர்க்கிறவர்கள் டவல் கிரிப் போடுங்கள். கிரிப் வழுக்குகிறது என்று பயந்துதான் பலர் இறுக்கிப் பிடிக்கிறார்கள்.

தெருவில், மொட்டை மாடியில், பள்ளி மைதானத்தில் லைட் போட்டு ஆடுகிறவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி தேவையில்லை. காற்று அடிக்கும், நைலான் காக்தான் நிற்கும். முழு கிராஃபைட்டில் ஆரம்ப விலை பேட் ஒன்று, 0.70 கட், 20 பவுண்டு. அலுமினியம் ஃபிரேமும் இரும்புத் தண்டும் சேர்த்து ஜோடியாக விற்கிற பேட்டை மட்டும் முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். நூறு கிராமைத் தாண்டும், தண்டு எந்தக் கைக்கும் வளையாது, குழந்தைகள் அதில் ஆரம்பித்தால் மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு தோளால் தள்ளப் பழகிவிடுகிறார்கள்.

போன மாதம் காவேரிப்பட்டினத்திலிருந்து ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பத்து வயது. ஓசூர் நித்யஸ்ரீ சிவன் 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் வெண்கலம் வாங்கியதைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்; அன்றிலிருந்து பேட் வேண்டும் என்று நச்சரிப்பாம். நாலாயிரம் வரை செலவு பண்ணத் தயார் என்றார். பழசைக் கேட்டேன். அந்தப் பெண் ஒரு அலுமினியம் பேட்டை எடுத்து நீட்டினாள். தலையும் தண்டும் சேரும் இடத்தில் கருப்பு டேப் சுற்றியிருந்தது. கிரிப் உரிந்து, அதன் மேல் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருந்தார்கள். கை பட்டுத் தேய்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன்: பிடிக்கு மேலே, கூம்பைத் தாண்டி இரும்புத் தண்டிலேயே துரு போய்ப் பளபளப்பு ஏறியிருந்தது. பேட்டின் கனம் தாங்காமல் அவ்வளவு மேலே ஏற்றிப் பிடித்துத்தான் ஆடியிருக்கிறாள்.

நாலாயிரம் வேண்டாம் என்றேன். அதில் பாதிக்கு ஒரு 5யூ, ஹெட் லைட், ஃபிளெக்ஸிபிள், ஜி5. கம்பெனி போட்டு அனுப்பும் கட்டை வெட்டி எடுத்துவிட்டு, 0.70 நரம்பில் 19 பவுண்டு இழுத்துக் கட்டினேன். மேல் கிரிப் போடவில்லை. அவள் விரல் சுற்றி வந்து உள்ளங்கையை லேசாகத் தொடுகிற அளவு சரியாக இருந்தது. முன்னறையிலேயே நின்று நாலு தடவை வீசினாள். இரண்டாவது வீச்சில் கை தானாகவே கீழே இறங்கிப் பிடியின் அடிக்குப் போய்விட்டது. கிளம்பும்போது மேசை மேல் கிடந்த அலுமினியம் பேட்டை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டாள். தம்பிக்கு வேணுமாம்.